வெறும் வயிறு

பாயச உருளியில் சட்டுவம் நின்றுபோனது ராமசுப்ரமணியனுக்குத் தெரியவில்லை. அடிப்பிடித்த வாசனை பூஜை செய்யும் மேல்சாந்தியின் மூக்குக்கு எட்டி, அவர் தோளைத் தட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். நின்றபடியே தூங்கியிருக்கிறார், பட்டப்பகலில், இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. மேல்சாந்தி திட்டவில்லை. இன்னொரு முறை இப்படியானால் வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும் என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னார். கோட்டைக்குள் அவரும் மனைவியும் குடியிருப்பதும் அவர் சமைக்கிற அந்தச் சின்னக் கோயிலுக்குச் சொந்தமான வீடுதான். மடப்பள்ளி வேலை போனால் வீடும் போகும்.

மனைவி அனந்தலக்ஷ்மி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோதனையெல்லாம் முடித்து டாக்டர் சுப்ரியா சொன்னார்: தூக்கத்தில் தொண்டை அடைத்து மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது. அதற்கு ராத்திரி மூக்கில் காற்றடிக்கும் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும். தைராய்டும் சரியாகச் சுரக்கவில்லை. அது குறைந்தால் உடம்பு ஊதும், நாக்கு தடிக்கும், அதனாலும் மூச்சு அடைக்கலாம். அதனால் மட்டும்தான் என்று சொல்லமுடியாது. மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிட்டும் ஏன் பலனில்லை, எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

பத்தரை மணிக்கு, காப்பியோடு என்று ராமசுப்ரமணியன் உண்மையைச் சொன்னார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் அல்லவா விழுங்கவேண்டும் என்றார் டாக்டர். நைவேத்தியம் ஆகாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அவருடைய முப்பத்தொரு வருஷத்து நியமம். டாக்டர் சொன்ன மாற்றுவழிப்படி ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து என்றால், கோயில் அடைத்து வந்து சாப்பிடவே பத்தாகிவிடும், மாத்திரைக்கு ஒரு மணி; விடியற்காலை மூன்று மணிக்கு எழவேண்டும். இருக்கிற அரைகுறைத் தூக்கத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

மறுநாள் குளித்து ஈரவேட்டியோடு கிளம்பியவரை அனந்தலக்ஷ்மி வாசலில் மறித்தாள். உள்ளங்கையில் மாத்திரை.

“முழுங்கிட்டுப் போங்கோ. யாருக்குத் தெரியப்போறது?”

“நேக்குத் தெரியுமே.”

“ஸ்வாமிக்கு ஒருநாளாவது மூச்சு நின்னிருக்கோ? பக்கத்துல படுத்துண்டு உங்க மூச்சு எப்போ திரும்பி வரும்னு எண்ணிண்டு கெடக்கறவ நான். நேக்கினி வய்யா, முடியல.”

அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருப்பார். அவள் அழவில்லை. அவருக்குக் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வாங்கி விழுங்கினார். துளியூண்டு மாத்திரை, தெருவைத் தாண்டியும் தொண்டையை விட்டு இறங்கமாட்டேன் என்றது.

மடப்பள்ளிப் படியில் வலது காலை வைத்தவர் அப்படியே நின்றார். உள்ளே நடை திறக்கிற மணி அடித்தது. அடுப்புப் பற்றவைத்தாயிற்றா என்று மேல்சாந்தி குரல் கொடுத்தார். விறகு அடுக்கினபடியே கிடந்தது. ராமசுப்ரமணியன் இன்னும் இடது காலைத் தூக்கவில்லை.