சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

நீலாவதி மலைக்கு வரப்போகிறாள் என்ற சேதி வந்தபோது சுந்தரம்மாள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். சொன்னவள் வடிவு. சந்தவாசலிலிருந்து வந்து இந்த வீட்டில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிப் பெண்.

"பரீட்சைக்கு எங்க நீலாவதி மேடமே வர்றாங்கக்கா" என்றாள் வடிவு, பயத்தோடு.

உலக்கை ஒரு குத்து தவறி உரல் விளிம்பில் பட்டது. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். உள்ளுக்குள் சுந்தரம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளும் அந்தப் பெண்கள் கல்லூரியில் படித்தவள்தான். இது வடிவுக்குத் தெரியாது. நெல்லிவாசல்நாட்டிலிருந்து மலையிறங்கி அந்தக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இரண்டே பேர், அவளும் அவள் சித்தப்பா மகள் மங்கம்மாளும். ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே பெட்டி, ஒரே சீப்பு. மங்கம்மாள் தூக்கத்தில்கூடப் பாடம் ஒப்பிப்பாள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் கலசப்பாக்கம் பக்கத்து ஊர்களில் காலரா இறங்கியது. கல்லூரியில் வகுப்பறைகளைப் பூட்டிவிட்டு மாந்தோப்பில் பாடம் நடத்தினார்கள். மரத்துக்கு ஒருத்தியாகப் பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்க, வாத்தியாரம்மா நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். வீட்டுக்கு ஓடிப்போன பெண்களுக்குப் பாடத்தைச் சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்து பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார்கள். பஸ் நிற்கும் ஊருக்கெல்லாம் பாடம் போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் ஏற்பாடு நீலாவதி. ஹாஸ்டலுக்கு அவள்தான் வார்டன், நோய்த்தடுப்புப் பாடம் எடுப்பவளும் அவள்தான். கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது. கெட்டிக்காரிதான்.

யாரோ ஒரு பெண்ணின் அப்பா வந்து, மலைக்காரப் பெண்களால்தான் நோய் பரவுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே நீலாவதி தீயணைக்கும் வாளிக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயின்டை எடுத்துவரச் சொன்னாள். அக்கா தங்கை இருவரின் தட்டிலும் டம்ளரிலும் தன் கையாலேயே ஒவ்வொரு பொட்டு வைத்தாள். மருந்து போட்ட கிணற்றை அவர்கள் தொடக்கூடாது. அவர்களுக்குத் தனிப் பானை. அந்தப் பானைக்கு வாட்ச்மேன் பின்பக்கத்துக் குளத்தில் மொண்டு ஊற்றினான். அதுவரை இருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் மங்கம்மாளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

நீலாவதி டாக்டரைக் கூப்பிடவில்லை. பெட்டியைக் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னாள். ஊருக்குப் போய்விடுங்கள் என்றாள். மங்கம்மாள் வாந்தி எடுப்பதைப் பார்த்த கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றவில்லை. பெட்டியைச் சாலையிலேயே போட்டுவிட்டு, தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுந்தரம்மாள் நடந்தாள். மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் மங்கம்மாள் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அவள் கைக்குள் அந்தச் சிவப்புப் பொட்டு டம்ளர் இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, கல்லூரி மறுபடி திறந்த பிறகு சுந்தரம்மாள் ஒருநாள் கீழே போனாள். நீலாவதி நிமிர்ந்து பார்க்காமலேயே, நாள் கணக்கு போதாது, பரீட்சை எழுத முடியாது என்றாள்.

"வராத பெண்களுக்குப் பாடத்தைத்தான் பஸ்ஸிலே அனுப்பினோமே."

"எங்க ஊருக்கு பஸ் இல்லீங்க மேடம்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

அன்று மலையேறியவள்தான். சின்னதம்பி மகன் கோவிந்தனைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தையும் ஆயிற்று.

காலராவுக்குப் பிறகு கல்லூரி மாறிவிட்டது. நோய்த்தடுப்பைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதாது, ஒவ்வொரு பெண்ணும் ஒரு மலைக்கிராமத்து வீட்டில் தங்கி, அந்த வீட்டாருக்கே பாடம் சொல்லித்தர வேண்டும் என்று வைத்தார்கள். பரீட்சை பெண்ணுக்கு இல்லை, வீட்டுக்கு. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து வீட்டுக்காரியைக் கேள்வி கேட்பார். அவள் சரியாகச் சொன்னால்தான் பெண்ணுக்கு மார்க். இந்த ஏற்பாட்டுக்கும் பேர் வாங்கியவள் நீலாவதிதான். அடுத்த பிரின்சிபால் அவள்தான் என்றும், மலையில் பரீட்சை நல்லபடி முடிவதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றும் வடிவே சொன்னாள்.

வடிவு கெட்டவள் இல்லை. கோழியைக் கண்டாலும் பயப்படுவாள். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதும் குடை பிடித்துக்கொண்டு போவாள். "ஏம்மா, வெயிலு பட்டா கொடத்துத் தண்ணி கரைஞ்சுடுமா?" என்று கோவிந்தன் கேலி பண்ணுவான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, ஒரு செம்புக்கு ஒரு கை சர்க்கரையும் மூன்று விரல் கிள்ளி உப்பும் போட்டுக் கலக்கச் சொல்லித்தந்தாள். வயிற்றுப்போக்கு கண்டவருக்கு விடாமல் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உயிர் நிற்கும் என்றாள்.

முதல்நாள் இதைக் கேட்டுவிட்டுச் சுந்தரம்மாள் மாட்டுக்கொட்டகைக்குப் போய் வெகுநேரம் நின்றாள். உப்பும் சர்க்கரையும். ஹாஸ்டல் சமையல்கட்டில் இரண்டும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

அந்தத் தண்ணீரை ஊரில் முதலில் யாரும் தொடவில்லை. ஊர்ப்பெரியவரான சின்னதம்பி, அவள் மாமனார், ஒரு வழக்கத்தைச் சொன்னார். வெளியாள் புதுசாக மருந்து கொண்டுவந்தால், கொண்டுவந்தவர்தான் முதலில் வாயில் வைக்க வேண்டும். எப்போதோ ஒரு நாட்டுமருந்து வியாபாரி கொடுத்ததைத் தின்று இரண்டு பேர் போன பிறகு வந்த வழக்கம் அது. வந்த பெண்கள் எல்லோரும் குடித்துக் காட்டினார்கள். ஊரும் குடித்தது.

பரீட்சைக்கு முந்தின நாள் சுந்தரம்மாள் மாமனாருக்குக் களி போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள். இந்தப் பெண்கள் சின்னதுகள், சொன்னதைச் செய்கிறவர்கள். நாளைக்கு வருகிறவள்தான் இந்தத் தண்ணீரை மலைக்கு அனுப்பிய பெரிய டீச்சர். வழக்கம் அவளுக்கு இல்லையா, மாமா? சின்னதம்பி யோசித்துவிட்டு, நியாயம்தான் என்றார்.

விடிந்ததும் அவள் ஒரு சின்னப் பானையை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போகவில்லை, மாடு இறங்கும் குட்டைக்குப் போனாள். பாசியை ஒதுக்கி மொண்டாள். வடிவு காய்ச்சி வைத்திருந்த பானைக்குப் பக்கத்திலேயே அதை வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரிப் பானை. சர்க்கரை போட்டுக் கலக்கிவிட்டால் நாக்குக்குத் தெரியாது.

அடுப்பு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். இதைக் குடித்தால் நீலாவதிக்கு என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் படுப்பாள். மாணவிகள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். மலைக்குச் சேவை செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே, பாவம் என்பார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நினைத்ததும் சுந்தரம்மாளுக்கு உடம்பு எரிந்தது. மங்கம்மாளை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. இவளையும் யாரும் சொல்லக்கூடாது.

வடிவு காய்ச்சிய பானையைத் திறந்து செம்பில் ஊற்றினாள். குட்டைத் தண்ணீரைக் கீழே கொட்டவும் இல்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜீப் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட டாக்டர் கோபால்சாமி இறங்கினார், அவர்தான் கேள்வி கேட்பவர். பின்னாலேயே நீலாவதி, கொஞ்சம் பருத்திருந்தாள். வாசலில் ஊர் கூடியிருந்தது. சுந்தரம்மாள் அவளுக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் நின்றாள். நீலாவதிக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு முகத்தைப் பார்த்திருந்தால்தானே இன்றைக்குத் தெரியும்?

டாக்டர் கேட்டதற்கெல்லாம் சுந்தரம்மாள் சரியாகப் பதில் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. வடிவின் கண்ணில் நீர் துளிர்த்தது. டாக்டர், இந்தப் பெண் பாஸ் என்றார். நீலாவதி தானே பாஸானதுபோலச் சிரித்தாள்.

அப்போது சின்னதம்பி எழுந்து வழக்கத்தைச் சொன்னார். டாக்டருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நல்ல வழக்கம்தானே, குடியுங்கள் அம்மா என்றார்.

சுந்தரம்மாள் உள்ளே போனாள். பெட்டியடியில் துணி சுற்றி வைத்திருந்த டம்ளரை எடுத்துக் கழுவி, செம்பிலிருந்து விளிம்பு வரை ஊற்றினாள். சிவப்புப் பொட்டு எதிரில் இருப்பவளுக்குத் தெரிகிறமாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

சிரித்துக்கொண்டே வாங்கிய நீலாவதி, வாய் வரைக்கும் கொண்டுபோனாள். பொட்டைப் பார்த்தாள். டம்ளர் அப்படியே நின்றது. பிறகு, முதல் தடவையாக, சுந்தரம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"குடிங்க மேடம்" என்றாள் சுந்தரம்மாள், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "மங்கம்மாளோட டம்ளர்தான்."

நீலாவதியின் கண் அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனது. திறந்த கதவு வழியே இரண்டு பானைகள் தெரிந்தன.

"இதுல என்ன கலந்திருக்கே?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான் மேடம்."

நீலாவதி டாக்டர் பக்கம் திரும்பி, இன்றைக்குத் தனக்கு விரதம் என்றாள்.

"கீழ டீக்கடையில ரெண்டு போண்டா சாப்டீங்களே டீச்சரம்மா" என்றான் ஜீப் டிரைவர் ராஜாக்கண்ணு, வெள்ளந்தியாக. "ஒரு போண்டா சூடு இல்லன்னு மாத்திக்கூடக் கேட்டீங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு வாய்தானே என்றார்.

"எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்? இவங்க எதுல மொண்டாங்களோ." நீலாவதி டம்ளரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் மேடம் காய்ச்சினேன்" என்றாள் வடிவு.

நீலாவதி அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. டம்ளரைக் கவிழ்த்து மண்ணில் ஊற்றினாள். எல்லோரும் அந்த ஈரத்தைப் பார்த்தார்கள். காய்ச்சிய தண்ணீர், ஒரு கை சர்க்கரை, மூன்று விரல் உப்பு. எறும்பு வந்து மொய்க்க ஆரம்பித்தது.

"அப்ப எங்களுக்கும் வேணாம்" என்றார் சின்னதம்பி.

சுந்தரம்மாள் உள்ளே போய்ச் செம்பையே எடுத்துவந்தாள். அதே டம்ளரில் ஊற்றி முதலில் தான் குடித்தாள். பிறகு குழந்தைக்குக் கொடுத்தாள், பிறகு வடிவுக்கு. வடிவு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் மேடத்தைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். சின்னதம்பி கை நீட்டினார். கடைசியில் டாக்டரும் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, இந்த டம்ளரில் என்ன பொட்டு என்று கேட்டார்.

சுந்தரம்மாள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. பெயின்ட் எந்த வாளியுடையது என்பதிலிருந்து புளியமரம் வரைக்கும் சொன்னாள். நீலாவதி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆனால் சாவி ராஜாக்கண்ணுவிடம் இருந்தது. அவன் கதை முடியும்வரை அசையவில்லை.

அந்த வருஷம் பிரின்சிபாலாக வேறு யாரோ வந்தார்கள். நீலாவதியை வேலையைவிட்டு அனுப்பவில்லை, அப்படியெல்லாம் அனுப்பிவிட மாட்டார்கள். டாக்டர் மட்டும் ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போனார். இனிமேல் மலையில் பரீட்சை நடக்கும்போதெல்லாம், பாடம் எடுக்கும் வாத்தியாரம்மா வந்து ஊர் முன்னால் முதலில் குடிக்க வேண்டும். மலைக்கார வழக்கம் கல்லூரியின் பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது.

அதனால் வருஷாவருஷம் மழை முடிந்ததும் ஜீப் வருகிறது. நீலாவதி இறங்கி, யாரையும் பார்க்காமல் அந்த வாசலில் வந்து நிற்கிறாள். சுந்தரம்மாள் அவசரப்படுவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, குழந்தைக்குத் தலை சீவிவிட்டுத்தான் உள்ளே போகிறாள். கதவை மட்டும் அகலத் திறந்துவைக்கிறாள், இரண்டு பானையும் தெரிவதற்காக. எதில் மொண்டாள் என்று நீலாவதி கேட்பதில்லை. இவளும் சொல்வதில்லை.

"முழுசாக் குடிங்க மேடம்" என்கிறாள்.

நீலாவதி குடிக்கிறாள். தொண்டை ஏறி இறங்குவதைச் சுந்தரம்மாள் கடைசி மடக்கு வரை பார்க்கிறாள். அதன்பிறகு கீழே போய்ச் சேரும்வரை, வயிறு லேசாக இழுத்தால்கூட, அவளுக்கு எப்படி இருக்கும் என்பதும் இவளுக்குத் தெரியும்.

டம்ளரைக் கழுவிக் கழுவிப் பொட்டு மங்கிவருகிறது. ராஜாக்கண்ணுவிடம் சொல்லிக் கொஞ்சம் சிவப்புப் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறாள்.