குட்டைத் துப்பாக்கியும் நாகேந்திரத்தின் வாயும்

1.
ஒரு மனிதர் வாயைத் திறந்ததால் வந்த கதை இது. அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அவரும் கீழ்வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அது போதும்.

2.
முதல் தொடக்கம்: ‘தொண்ணூற்றேழாம் ஆண்டு, கொழும்பு, வெள்ளவத்தைப் பாலத்தடியில் வெயில்—’

வேண்டாம். வெயிலில் தொடங்கினால் ஆளிடம் போய்ச்சேர நேரமாகும். பத்திரிகை ஆசிரியர் ஒரு பக்கத்துக்குள் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது: நாகேந்திரம் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். மருதானை நடைபாதையில் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிச் சஞ்சிகைகள் வாங்கிப் படிப்பதில் அவருக்குப் பைத்தியம். சிலருக்குக் கிரிக்கெட், இவருக்கு இது. பிறந்ததிலிருந்து ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை. [வாசகர் நம்பமாட்டார். அவரைப் பிடித்தவர்களும் நம்பவில்லை.]

3.
மேல்வீட்டுக்காரனான என்னைப் பிடித்துவைத்து விளக்குவார்.

“பழைய பெரிய ரைஃபிள் இருக்கெல்லே, அதின்ர குழலைக் குறைச்சு, தோளில வைக்கிற கட்டையை மடக்கிற மாதிரிச் செய்திருக்கிறாங்கள். ஜீப்புக்குள்ள கொண்டுபோக லேசு. ஆனா தோட்டா அதே பெரிய தோட்டா. சத்தம் கூடுதல், குழல் வாயில நெருப்புக் கூடுதல், தோளில உதைக்கிற உதையும் கூடுதல். வேகம் குறையும், தூரத்தில குறி தப்பும். சும்மா ஒண்டும் கிடையாது, தம்பி.”

“அண்ணை, மெல்லக் கதையுங்கோ. ஜன்னல் திறந்து கிடக்கு.”

[அன்று பாலத்தடிச் சோதனைச்சாவடிச் சிப்பாயிடம் இருந்தது அந்த வகைதானா? எனக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுதான். சரிபார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.]

4.
சோதனைச்சாவடியில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடையாள அட்டையை நீட்டும்போதே சிங்களத்தில் அன்பாக ஒரு வார்த்தை சொல்வோம். மல்லி, அதாவது தம்பி, சாப்பிட்டாச்சா? சரியான வெயில், என்ன? அவ்வளவுதான், அட்டை திரும்பி வந்துவிடும்.

அன்று நாகேந்திரமும் அன்பாகத்தான் கேட்டார்.

“மேக கொட்ட எக்க நேத, மல்லி?”

இது குட்டை வகை அல்லவா, தம்பி? தோளில் நன்றாக உதைக்குமே என்றும் சேர்த்துக்கொண்டார்.

“கொஹொமத தன்னே?” எப்படித் தெரியும்?

யாரோ ஒருவர் கடைசியில் தன்னிடம் இதைக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் அவர் விளக்கத் தொடங்கினார். முடிப்பதற்குள் ஜீப்பில் ஏற்றி—

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் பிறகு சொன்னது இது. இதைச் சொன்னவர் அப்போது குறுக்கே ஒன்றும் பேசவில்லையாம். நானாக இருந்தாலும் பேசியிருக்கமாட்டேன்.

5.
முடிவு அ: இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். [பொய். வீட்டுக்கு வந்து சஞ்சிகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கே போய்க் கேட்டாலும் அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்கிறார்கள். மூன்று மாதமாகிறது.]

முடிவு ஆ: ஒரு நாள் களனி ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடந்த—

இதை எழுதக் கை வரவில்லை.

[குறைத்துக் குறைத்து எழுதியதில் அந்த மனிதரின் முக்கால்வாசி வெளியே போய்விட்டது. உதை மட்டும் குறையவில்லை.]

அவருடைய மனைவி சரோஜினிதேவி படியேறி வந்தார். நான் எழுதுவது அவருக்குத் தெரியும்.

“உங்கட கதையில எண்டாலும் அந்த மனிசனை வாயை மூடிக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ.”

“ஓம் அக்கா.”

எழுதிப்பார்த்தேன். நாகேந்திரம் அட்டையை நீட்டுகிறார், திருப்பி வாங்குகிறார், பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். ஆசிரியர் இதைப் போடமாட்டார். இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு நாகேந்திரத்தைத் தெரியும். ஒவ்வொரு முறையும், அட்டை திரும்பி வருவதற்குள், அவர் கண் துப்பாக்கிக்குப் போய்விடுகிறது. அவர் வாயை மூடுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

6.
ஆகவே உங்களிடம் விடுகிறேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பது இப்போது நீங்கள். அட்டை சிப்பாயின் கையில் இருக்கிறது. நாகேந்திரம் துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அவர் முழங்கையில் ஒருதரம் இடியுங்கள். தயவுசெய்து.