எத்தனை படி மேலே

0.

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணி தன் தோழியிடம் போனில் சொன்னாள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆகவே இதிலுள்ள உண்மையெல்லாம் அண்ணியுடையது, பொய்யெல்லாம் என்னுடையது. எது எது என்று பிரித்துக் கேட்காதீர்கள். மடித்த துணியை உதறுவது எனக்குப் பிடிக்காது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "அன்று காலை ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டு—"

அடித்துவிட்டேன். அந்த ஆபீஸில் ஜன்னலே கிடையாது.

(பூஜ்யத்தில் தொடங்கியிருப்பது தவறு அல்ல. கம்ப்யூட்டர்காரர்கள் அப்படித்தான் எண்ணுவார்களாம். பூஜ்யம் என்றால் எண்ணுகிறவர் நிற்கிற இடம். நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.)

1.

அண்ணி என்றே எழுதினால் வீட்டில் மாட்டிக்கொள்வேன். ஆபீஸில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் போதும்: விசாரணை. எதைச் சொன்னாலும் "யாரு? எங்க?" என்று கேட்பாளாம்.

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் புரோகிராம் எழுதுகிற கம்பெனி அது. புரோகிராமுக்குள் நிறைய ஃபங்ஷன்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை. தன்னால் ஆகாததை இன்னொன்றைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லும். கிட்டத்தட்ட மேனேஜர் மாதிரி.

இந்தப் புரோகிராமுக்கு ஒரு கெட்ட பழக்கம். சில சமயம் ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். பஸ்ஸில் அடிதடி நடந்தது. முதலாளிக்குக் கோபம் வந்தது. சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டச் சொன்னார். எங்கே பிழை நடந்தாலும் அந்த ஃபங்ஷனின் பெயர், வரி எண், பக்கத்தில் அதை எழுதியவரின் போட்டோ, மூன்றும் டிவியில் வர வேண்டும். மாதக் கடைசியில் அதிகம் தெரிகிற முகத்துக்கு வேலை நிரந்தரம் ஆகாது.

நிரந்தரம் ஆகாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். விசாரணை, அவளோடு ஒரே நாளில் சேர்ந்த பக்கத்து சீட்டுக்காரி.

இந்த ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பை மேனேஜர் விசாரணையிடமே கொடுத்தார். அவள் 'புகார்' என்று ஒரு ஃபங்ஷன் எழுதினாள். (ஆபீஸில் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ்ப்படுத்தியது நான்.) பிழை வந்ததும் மற்ற ஃபங்ஷன்கள் புகாரைக் கூப்பிடும். புகார், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையே நிறுத்திக் கேட்கும்: "இப்ப வேலை செய்யறது யாரு? எந்த வரியில?"

புரோகிராம் சத்தியம் தவறாது. அந்த நொடியில் வேலை செய்துகொண்டிருந்தது, கேள்வி கேட்ட புகார்தான். ஆகவே பதில் வந்தது: "புகார், வரி 12." பக்கத்தில் விசாரணையின் போட்டோ.

எந்த ஊரில் எந்த பஸ்ஸில் சண்டை வந்தாலும் அதே பதில், அதே போட்டோ.

"விசாரணை, இன்னிக்கும் நீதான் கதாநாயகி!" என்று காபி டம்ளரோடு போகிறவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். மேனேஜர் டிவியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "சிஸ்டம் நல்லா வேலை செய்யுது."

2.

கோளாறை அவளே கண்டுபிடித்தாள். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வேறொரு இடத்தில் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துப் பார்த்தாள். அப்போதும் டிவியில் தன் முகமே இளித்தது.

வைத்தியம் எளிது. "நான் யார்?" என்று கேட்காமல் "என்னைக் கூப்பிட்டது யார்?" என்று ஒரு படி மேலே பார்க்க வேண்டும். 'எத்தனை படி மேலே' என்ற இடத்தில் இருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்று போட்டாள். அவ்வளவுதான்.

டிவியில் பக்கத்து சீட்டுக்காரி வந்தாள். 'சீட்டுக்கொடு', வரி 40.

"அடிப்பாவி! நேத்து வரைக்கும் நீ, இன்னிக்கு நானா?"

"நான் என்னடி பண்ண? கேட்டேன், சொல்லுது."

"சரிபார்க்காம கொடுன்னு மேலேர்ந்து வருது, கொடுக்கறேன். என்னைக் கூப்பிட்டது யாருன்னும் கேளேன். வாய் வலிக்குதா?"

விசாரணை இரண்டு போட்டாள். டிவியில் ஒரு பழைய போட்டோ வந்தது. அடர்ந்த மீசை, தலை நிறைய முடி. கீழே 'அவசரப்பதிவு', வரி 7. எல்லோரும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் கீபோர்டைப் பார்த்தார்கள்.

இப்போது மீசை மட்டும் மிச்சமிருக்கும் மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்தார். "ஏம்மா, கொஞ்சம் உள்ள வா."

3.

"உன் ஃபங்ஷன்ல ஏதோ கோளாறு."

"இல்ல சார், இப்பதான் சரியாச்சு."

"போன வாரம் நல்லாத்தானே வேலை செஞ்சுது?"

இங்கே நான் எழுதியது: விசாரணை நிமிர்ந்து நின்றாள். "சார், பிழையை மறைக்கிற நிறுவனம் ஒருநாள்—"

அடித்துவிட்டேன். டிவி ரிமோட் கேட்கக்கூடக் குரல் உயர்த்தாதவள் அவள். திரும்பப் படித்துப் பார்த்தால் இந்தக் கதையில் வீரமாகப் பேசும் இடமெல்லாம் நான்தான். "சரி சார்" என்பது மட்டும் அவள். யார் பேசுகிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம் என் பெயரும் என் வரியுமே வருகிறது. என் கதையிலும் பூஜ்யம்தான் போட்டிருக்கிறேன் போல.

உண்மையில் அவள் கேட்டது இது: "எத்தனை படி பாக்கணும் சார்?"

மேனேஜர் கனிவானார். "பூஜ்யம் வேணாம். உன்னையே காட்டும், பாவம். நான் அவ்வளவு மோசமானவன் இல்ல. ரெண்டெல்லாம் ரொம்பத் தூரம், குழப்பம். ஒண்ணு வெச்சிடேன்? சாயங்காலம் முதலாளி டிவி பாக்க வர்றார். உன் பர்மனென்ட் ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு."

"அவளோடது சார்?"

"யாரோடது?"

"சரி சார்."

(மூன்று படி ஏறினால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாவது படியில் 'தொடக்கம்' இருக்கிறது. முதலாளி இளமையில் தன் கையால் எழுதியது. அவசரப்பதிவைக் கூப்பிடுவதே அதுதான்.)

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டுக்காரி தன் சாப்பாட்டில் பாதியை டிபன் பாக்ஸின் மூடியில் எடுத்துவைத்து நகர்த்தினாள். விசாரணை அந்த எண்ணை அழித்தாள். அந்த இடத்தில்—

இந்த நேரம் பார்த்து என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். "அப்புறம் பேசறேன்டி" என்று அண்ணி போனை வைத்துவிட்டாள்.

நான் போய் அவளையே கேட்கலாம். கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். மறுநாள் அவள் அதே பையை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கினாள். வேலை இருப்பவர்களும் அப்படித்தான் இறங்குவார்கள், வேலை தேடப் போகிறவர்களும் அப்படித்தான்.

_

பூஜ்யம் போட்டால் பழையபடி அவளே. ஆபீஸ் முழுக்க நிம்மதி. ஒன்று போட்டால் வேலை நிரந்தரம், மதியச் சாப்பாடு தனியாக. இரண்டு போட்டால் ஒரு நாள் முழுக்க எல்லோரும் மனதுக்குள் கைதட்டுவார்கள், மாதக் கடைசியில் யாரும் அவள் பக்கம் திரும்ப மாட்டார்கள். மூன்று போட்டால் டிவியைக் கழற்றிவிட்டு அங்கே மலை, அருவி போட்ட படம் மாட்டுவார்கள். ஜன்னல் இல்லாத குறையாவது தீரும்.

எந்த எண்ணைப் போட்டாலும் பஸ்ஸில் ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அதை யாரும் அவளிடம் சரிசெய்யச் சொல்லவில்லை.

என்னைக் கேட்காதீர்கள். என்னைக் கேட்டால் என் பெயர்தான் வரும். ஒரு படி மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். நீங்கள்தான், இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எத்தனை படி மேலே = 

முதலாளியின் கார் வந்துவிட்டது. மேனேஜர் கதவை அரைவாசி திறந்து எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா, ஒரு நம்பர்தானே?"