கியர் குமிழுக்கு வார்னிஷ்

வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவள் கணவர். பக்கவாதத்தில் அவருடைய வலது கையும் காலும் விழுந்த பிறகு அந்தக் காரை அவள்தான் ஓட்டுகிறாள்.

கியர் கம்பியின் தலையில் இருந்த மரக் குமிழில் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து அவள் உள்ளங்கையை அறுத்தது. பிளாஸ்டிக் குமிழ் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். வாதாடவும் தெம்பு வேண்டுமே.

விடுமுறை நாளில் குமிழைத் திருகிக் கழற்றி மாடி வீட்டுக்கு எடுத்து வந்தாள். சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, துணி துவைத்துப் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் சமையலறை மேஜையில் உப்புத்தாளோடு உட்கார்ந்தாள். உருண்டைக் குமிழ் கைக்கு அடங்கவில்லை. பாதி தேய்ப்பதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. சற்றே தலை சாய்க்கலாம் என்று மேஜையில் கவிழ்ந்தவள் தூங்கிப்போனாள்.

வார்னிஷ் வாடையில் விழிப்பு வந்தது. சுவரைப் பிடித்தபடி வந்து எதிரே உட்கார்ந்திருந்தார் அவர், இடது கையில் தூரிகையோடு. உரியாத பழைய செதில், மரத்தூள் எல்லாவற்றின் மேலும் புது வார்னிஷ் வழிந்துகொண்டிருந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீ தூங்கினே."

"தேய்ச்சு முடிக்காம அடிச்சா நிக்குமா? ஒரு வேலையை ரெண்டாக்குறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "உன் கையைப் பாத்தேன். அதான்," என்றார்.

அவள் ஈர வார்னிஷைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். குமிழ் நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். நோய் வந்ததிலிருந்து விரல்கள் மடங்கி இறுகிப்போன கை. கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா ஒவ்வொரு விரலாக நெம்பித்தான் அதைத் திறப்பாள்.

"இதுல வை," என்றார்.

அவள் குமிழைக் குனிந்து எடுத்தாள்; அதன் அடித்துளையின் மரைக்குப் பொருந்தும் போல்ட் ஒன்றைத் தேடி முடுக்கினாள். அவர் விரல்களைப் பிரித்து போல்ட்டை உள்ளே செருகினாள். கை தானே மூடிக்கொண்டது. தேய்த்தால் குமிழ் இம்மியும் அசையவில்லை.

"வலிக்குதா?"

"வலிச்சா நல்லதுதானே. பட்டறையில கூட இந்தப் பிடி கிடைக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இதைத் திறக்க மாசக்கணக்கா பாடுபடுறாங்க."

வெறும் மரம் தெரியும்வரை தேய்த்தாள். அவரே இடது கையால் மெல்லிசாக வார்னிஷ் பூசினார். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. அதுவரை கம்பியில் துணி சுற்றி ஓட்டினாள். குமிழ் எங்கே என்று கேட்ட பயணியிடம், "ஆஸ்பத்திரியில இருக்கு," என்றாள்.

நன்றாகக் காய்ந்ததும் அவர், "நானே மாட்டுறேன்," என்றார். நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் அவர் கீழே இறங்கியதே இல்லை. அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். இருந்தும் தோளைக் கொடுத்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார்கள்.

முன் இருக்கையில் உடம்பைத் திருப்பி, இடது கையால் குமிழைத் திருகினார். முதலில் கோணலாக ஏறியது. அவள் வாய் திறக்கவில்லை. கழற்றி மறுபடி திருகினார். அவள் கிளட்ச்சை மிதிக்க, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார்.

"அறுக்குதா, பாரு."

அவள் உள்ளங்கையை வைத்தாள். ஓரிடத்தில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டி உறைந்திருந்தது. மற்றபடி வழவழவென்று இருந்தது.

"இல்லங்க."

இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"மேல ஏறணுமே," என்றார் அவர்.

"ஏறலாம். கொஞ்சம் இருங்க."