சொன்னது சொன்னபடி

"அவகிட்டச் சொல்லிடு. பூச்சி பிடிக்கப் போறேன்னு நிக்கிறவளுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வாத்தியார் இதைத் தன் மனைவியிடம் சொன்னார். யாரிடம் சொல்லச் சொன்னாரோ அந்த மகள் நாலடி தள்ளி, சமையலறை வாசலில், கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அந்த வீட்டு வழக்கம் அது. மகளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த நாளிலிருந்து அவர் அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வளர்ந்த பெண்ணிடம் தகப்பன் வாயைக் கொடுத்தால் மரியாதை கெட்டுவிடும் என்பது அவருடைய எண்ணம். ஆண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருபவர் அவர். வருடாவருடம் ஆண்டு விழா மேடையில், "எதையும் ஏன் என்று கேளுங்கள்" என்று முழங்குபவர். அந்த ஏன் வீட்டு நிலைப்படி தாண்டி உள்ளே வந்ததில்லை.

"ஆராய்ச்சி நிறுவனத்துல சேர விண்ணப்பம் குடுக்க நாளன்னிக்குத்தான் கடைசி நாளுங்க" என்றாள் மனைவி.

"அதுக்கு? அங்க பசங்களுக்குத்தான் விடுதி இருக்கு. இவ எங்க தங்குவா, மரத்துலயா? அஞ்சு வருசம் வண்டைக் கவுத்துப் போட்டுக் காலை எண்ணிட்டு வந்தா எவன் கட்டிப்பான்?" தேநீரை ஊதிக் குடித்தார். அப்புறம் பெரிய மனசு வந்தவர்போல, "இன்னிக்கு உங்க சட்டசபையில அந்தச் சட்டம் வருதில்ல? பொண்ணுங்களுக்கு விடுதின்னு அதுல ஏதோ இருக்குன்னியே. வரட்டும். வந்தா நான் ஏன் தடுக்கப்போறேன்?" என்றார். அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு தாராளம்.

அவர் போனதும் மகள் கேட்டாள். சின்ன வயதில் தீப்பெட்டி தீப்பெட்டியாக வண்டு சேர்த்து வைத்ததால் அவளுக்குப் பூச்சி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

காதில் விழுந்ததை ஏன் கேட்கிறாள் என்று அம்மா ஒருநாளும் யோசித்ததில்லை. "உன் பாதுகாப்பை நினைச்சுக் கவலைப்படறாரு. விடுதி வந்தா சரிங்கறாரு" என்றாள்.

பூச்சி செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அம்மாவுக்கு இது கைவந்த வேலை. சட்டமன்றத்தில் பத்தொன்பது வருடமாகச் சுருக்கெழுத்தர். அவைத் தலைவரின் இருக்கைக்குக் கீழே ஒரு நீள மேசை. அதன் முன் உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதை ஆளுக்குப் பத்து நிமிடம் சுருக்கெழுத்தில் எடுப்பார்கள். அடுத்த ஆள் வந்ததும் எழுந்து போய்த் தட்டச்சு செய்வார்கள். அதுதான் அவைக்குறிப்பு, அச்சாகி நூலகத்தில் நூறு வருடம் இருக்கும். பேசியது பேசியபடி எழுத வேண்டும் என்பது விதி. எழுதினால் நாடு தாங்காது என்பது பழக்கம். "விஞ்ஞானம்ங்கறது பெரிய சயின்ஸுங்க" என்று ஒருவர் முழங்கினால், "அறிவியலின் பரப்பு மிகப் பெரியது" என்று அவள் எழுதுவாள். திட்டியதை வருத்தமாக்குவாள். உளறியதை ஆலோசனையாக்குவாள். தப்பைத் திருத்தவேண்டும் என்றால் உறுப்பினர் மறுநாள் காலை பத்து மணிக்குள் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் தந்ததில்லை. உதவியாளனை அனுப்பி, "அம்மா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்பார்கள். அவளும் பார்த்துப் போடுவாள்.

அன்று எடுத்துக்கொண்டது அறிவியல் ஆராய்ச்சி, அறிவியல் கல்வி நிதிச் சட்டம். மொத்தம் இருபத்திரண்டு பிரிவுகள். அதில் பதினான்காவது, ஒவ்வொரு ஆராய்ச்சி நிறுவனத்திலும் மாணவிகளுக்கு ஒரு விடுதி. அந்தப் பிரிவு வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, சக ஊழியனிடம் கேட்டுத் தன் முறையை மாற்றிக்கொண்டாள். தன் மகள் தங்கப்போகும் அறையைத் தன் கையாலேயே எழுதவேண்டும் என்று ஒரு ஆசை. இப்படி அசட்டு ஆசைகளை அவள் வெளியே சொல்வதில்லை.

காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் அறிவியலுக்கு மாலை போட்டார்கள். அதுதான் கண் என்றார் ஒருவர். கண் இல்லை, முதுகெலும்பு என்றார் அடுத்தவர். நட்சத்திரத்தை நுண்ணோக்கியில் பார்த்த மேதைகளை ஒருவர் வணங்கினார். அவள் பென்சில் ஓடிக்கொண்டே நுண்ணோக்கியைத் தொலைநோக்கி ஆக்கியது.

பதினான்காவது பிரிவு வந்தது. எழுந்தவர் கைதட்டல். சுருக்கெழுத்தர்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் அது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கைதட்டலுக்காக நின்று சுற்றிப் பார்ப்பார்.

"தலைவர் அவர்களே, பொண்ணுங்க படிக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா சோதனைக் குழாய்ல ஊத்துற கை கடைசில பால் புட்டியிலதான் ஊத்தப்போவுது. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு கட்டடம்?" நின்றார். சிரிப்பு வந்தது. தெம்பு ஏறியது. "விடுதின்னு ஒண்ணு கட்டிப் பாருங்க. ஆராய்ச்சி பண்ண வர்ற பொண்ணுங்களவிட, அந்தப் பொண்ணுங்களை ஆராய்ச்சி பண்ண வர்ற பசங்கதான் சாஸ்தியா இருப்பாங்க. அந்த ஆராய்ச்சிக்கும் நாமளே நிதி ஒதுக்கணுமா?"

அவை அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். ஆளும் வரிசை, எதிர் வரிசை என்ற பேதமே இல்லை. மூன்று மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்கூடத் தோளில் தட்டிக்கொண்டார்கள். கல்வி அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உறுப்பினர் சொல்றதுல இருக்கிற அர்த்தம் புரியுது. பதினாலைப் பிறகு பாத்துக்கலாம். எடுத்துடலாம்."

எடுத்துவிட்டார்கள். அவளுடைய பத்து நிமிடம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. மிச்சமிருந்த இருபத்தோரு பிரிவுகளோடு சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

தட்டச்சு அறையில் அவள் உட்கார்ந்ததும், கை பழக்கத்தில் தானே எழுதத் தொடங்கியது. "மாணவியரின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, விடுதி தொடர்பான பிரிவை மறுபரிசீலனை செய்யுமாறு..."

பாதுகாப்பு என்ற சொல்லில் கை நின்றது.

காலையில் சமையலறை வாசலில் இதே சொல்லைத்தான் சொன்னோம் என்று நினைத்தாள். வண்டின் காலை எண்ணுபவளை எவன் கட்டுவான் என்று அவர் கேட்டதைக் கழுவித் துடைத்துப் பாதுகாப்பு என்று மகள் கையில் கொடுத்தது. நேற்றும் அதுதான். போன வருடம் மகளின் நுண்ணோக்கியை அவர் தன் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, "அப்பா பத்திரமா வைக்கிறாரு" என்றாள். எத்தனை வருடமாக அந்தப் பெண் தன் காதில் விழுந்தது ஒன்று, அம்மா சொன்னது ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்! அவள் திரும்பத் திரும்பக் கேட்டது தெரியாததால் இல்லை. ஒரு தடவையாவது அம்மா உள்ளதைச் சொல்வாளா என்று பார்க்கத்தான்.

அவளுக்கு உடம்பு கூசியது. அந்த மனிதர்கள்மேல் வந்த அருவருப்பு பெரிதில்லை, அது பழகிய அருவருப்பு. தன்மேல் வந்தது புதிது.

அந்தத் தாளை உருவிக் கிழித்தாள். வேறு தாள் போட்டாள். சோதனைக் குழாய், பால் புட்டி, வர்ற, சாஸ்தியா, எல்லாம் வந்தது. சிரிப்பு வந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போட்டாள். மேசை தட்டிய இடத்தில் மேசை தட்டும் ஒலி. யாரும் எதிர்ப்புத் தெரிவிக்காத இடத்தில் ஒன்றும் போடவில்லை.

கைதட்டலின் உதவியாளன் வந்தான். "அக்கா, ஐயா கொஞ்சம் தமாஷாப் பேசிட்டாரு. வழக்கம்போல..."

"திருத்தணும்னா நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள, ஐயா கையெழுத்தோட."

"என்னக்கா புதுசா?"

"விதி பழசுதான் தம்பி."

தலைமைச் சுருக்கெழுத்தர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. "இப்படியேவாம்மா அனுப்பப்போறே?"

"இதுல அவர் சொல்லாதது ஏதாவது இருக்கா சார்?"

இன்னொரு முறை படித்தார். "இல்லை. அதான் பயமா இருக்கு" என்று முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை அவள் பத்து மணிக்காகக் காத்திருந்தாள். விசாரணை வரும், கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். பத்தேகாலுக்கு உதவியாளன் வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, ஐயாவுக்கு ஒரே சந்தோசம். 'இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான்யா நான் பேசினது நான் பேசினமாதிரியே வந்திருக்கு'ன்னாரு. இருபது பிரதி வேணுமாம். தொகுதிக்கு அனுப்பணுமாம்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் திருத்தியிருக்கிறாள். இல்லாத ஒன்றுக்கு இத்தனை வருடம் இஸ்திரி போட்டிருக்கிறாள்.

"இருபது போதுமான்னு கேளு" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாத்தியார் முன்னமே வந்திருந்தார். செய்தி தெரிந்துவிட்டது என்பது அவர் கால்மேல் கால் போட்டிருந்த விதத்திலேயே தெரிந்தது. பூச்சி ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் இரண்டு நாளாக மேசைமேல் அதே இடத்தில் இருந்தது.

"சட்டம் வந்துடுச்சு போல இருக்கே. விடுதியைக் காணோம்?" என்றார் மனைவியிடம்.

"எடுத்துட்டாங்க."

"அப்புறமென்ன. நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. நாட்டையே ஆளுறவங்க சொல்லிட்டாங்க. அவகிட்டச் சொல்லிடு..."

"ஒரு நிமிசங்க" என்று அவள் கைப்பையிலிருந்து சுருக்கெழுத்து நோட்டை எடுத்தாள். பென்சிலை எடுத்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ம், சொல்லுங்க."

"என்ன இது?"

"நீங்க சொல்லச் சொல்றதை மாத்திச் சொல்லிடறேன். ஞாபகம் சரியில்லை. எழுதிக்கிட்டா தப்பு வராது."

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வீம்பு வந்தது. "எழுதிக்கோ. எனக்கென்ன பயம். பொண்ணுக்கு எதுக்கு ஆராய்ச்சி? என் பள்ளிக்கூடத்துல ஒரு பையனுக்கும் வராத மார்க்கு இவளுக்கு வந்திருக்குன்னு ஊரெல்லாம் கேக்குது. எனக்கு அது பெருமையா? நாளைக்கு இவ பெரிய ஆளாயிட்டா என்னை எவன் வாத்தியார்னு மதிப்பான்?"

பென்சில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வாக்கியம் எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை. யாராவது திருத்திவிடுவார்கள் என்ற பழக்கத்திலேயே பேசியவர்.

"அப்பா என்னம்மா சொன்னாரு?" பூச்சி மடித்த துணியை மடியில் வைத்தபடி கேட்டாள்.

அம்மா நோட்டைப் பார்த்துப் படித்தாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், அவைக்குறிப்பைப் படிக்கிற குரலில். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசி வாக்கியம் முடிந்ததும் நோட்டை மூடினாள்.

பூச்சி முதல் தடவையாக அப்பாவை நேராகப் பார்த்தாள். பார்வையில் கோபம்கூட இல்லை. ஒரு வண்டைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கிற கவனம்தான் இருந்தது.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றார் அவர், மனைவியிடம். "மாத்தி எழுது. பாதுகாப்பு... அப்படி ஏதாவது போடு. நீதான் போடுவியே."

"திருத்தம் இருந்தா நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள எழுத்துல குடுங்க. கையெழுத்தோட."

விண்ணப்பத்தை இழுத்தாள். இத்தனை நாள் எட்ட நின்று பார்த்த அந்தக் கடைசி வரியைக் கிட்டத்தில் படித்தாள். பெற்றோர் கையொப்பம் என்றுதான் இருந்தது. தந்தை என்று அச்சகத்தில் யாரும் போடவில்லை. அதைப் போட்டுப் படித்தது இந்த வீடு. அவள் தன் பெயரை முழுதாக, சுருக்காமல் எழுதினாள்.

மறுநாள் காலை முதல் ரயிலில் இருவரும் போனார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். நிறுவனத்தின் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நீளமாக இருந்தது. எல்லாம் பையன்கள், அவர்களுடைய அப்பாக்கள். இவர்கள் முறை வந்தபோது குமாஸ்தா விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு மேலே பார்த்தார்.

"பொண்ணுங்களுக்கு இங்க விடுதி கிடையாதும்மா. தெரியுமில்ல?"

"தெரியும். அதை எழுதினதே நான்தான்" என்றாள் அம்மா. "ரயில் இருக்கு. தினம் வருவா."

அவர் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து ஐந்து. வாத்தியாரிடமிருந்து திருத்தம் எதுவும் வரவில்லை.