கள்ளிக்கு ஒரு போட்டோ

நான் ஏங்கியது ஓர் ஆளுக்காக இல்லை, உப்பளத்துச் சேற்றில் கிடக்கும் ஓர் உயிருக்காக. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அது ஆர்க்கியா வகை. பார்க்க பாக்டீரியா மாதிரி இருந்தாலும் வம்சமே வேறு. சேற்றை அள்ளி, அதிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் மொத்தமாகப் பிரித்தெடுத்து சீக்வென்சிங் மெஷினில் கொடுத்தால், துண்டு துண்டாகப் படித்துத் துப்பும். அந்தத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் பொருத்தியபோதுதான் இவள் கிடைத்தாள். எந்தப் பட்டியலிலும் இல்லாதவள். என்ன தீனி வைத்தாலும் தட்டில் வளர மறுப்பவள். கள்ளி என்று பெயர் வைத்தேன். அவள் எதைத் தின்பாள், எது அவளுக்கு ஆகாது, டிஎன்ஏவைப் படித்தே எல்லாம் எனக்கு அத்துப்படி. உருண்டையா நீளமா என்று மட்டும் தெரியாது. குடல்வரை தெரிந்த ஒருத்தியின் முகம் தெரியவில்லை.

அதற்கும் வழி உண்டு. அவளுடைய டிஎன்ஏ எழுத்துவரிசையில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் சாயம் செய்து வாங்கினேன். கண்ணாடித் துண்டில் அவள் இருந்தால் இருட்டறை மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மினுங்க வேண்டும். எத்தனையோ கண்ணாடித் துண்டுகள் பார்த்தாயிற்று. கண்ட கண்ட பாக்டீரியா எல்லாம் எந்த உயிரிலும் ஒட்டும் பொதுச் சாயத்தில் நீலமாகப் பல்லைக் காட்டின. பச்சை மட்டும் இல்லை.

"படம் இல்லேன்னா தீசிஸ்லருந்து அந்த அத்தியாயத்த எடுத்துரும்மா" என்றார் என் கைடு சார்.

லேபின் சீனியருக்கு நாங்கள் வைத்த பெயர் குட்டிச்சார். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "கள்ளின்னு ஒருத்தியே கிடையாது. ரெண்டு வேற உயிரோட துண்ட கம்ப்யூட்டர் சேத்துத் தச்சிருச்சு. ஒட்டுப்போட்ட சட்டை."

"சட்டையப் பத்தி நீங்க பேசாதீங்க. முதல்ல அந்தப் பட்டனப் போடுங்க."

வாய்தான் பேசியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இல்லாத ஒன்றைத் தேடி இத்தனை வருடம் வீட்டை விட்டு வந்து கிடக்கிறேன் என்றால், அம்மாவிடம் என்ன சொல்வது? மறுபடி சேறு அள்ளலாம் என்றால் அந்த உப்பளத்தில் மண்ணடித்து மூடிவிட்டார்கள். குடோன் வருகிறதாம். மிச்சம் இருந்தது பாட்டிலின் அடியில் ஒட்டிய கொஞ்சம் சேறும் அதன் மேல் நின்ற உப்புத் தண்ணீரும்தான்.

அதில் பாதியை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த செய்முறைப்படியே செய்தேன். சேற்றை பஃபர் என்ற லேப் தண்ணீரில் கழுவு. பிறகு ஃபார்மலினில் போடு. ஃபார்மலின் செல்லைச் சாகடித்து அப்படியே விறைக்க வைக்கும். இது குட்டிச்சார் ஆற்று மண்ணுக்காக எழுதியது. எல்லோரும் எதற்கும் அதையே செய்வோம்.

கழுவிய தண்ணீரை எரிச்சலோடு சிங்கில் கொட்டினேன். அது சொட்டாமல், சளி மாதிரி நூலாக இழுத்துக்கொண்டு இறங்கியது.

அந்த நூலை எனக்குத் தெரியும். டிஎன்ஏ எடுக்கிறவர்கள் தினம் பார்ப்பது. செல் உடைந்தால்தான் டிஎன்ஏ வெளியே வரும்.

அப்படியே நின்றுவிட்டேன். ஆயுசு முழுக்க உப்பில் ஊறியவளை பஃபர் மாதிரி உப்புக் குறைந்த தண்ணீரில் போட்டால் தண்ணீர் உள்ளே பாய்ந்து வெடித்துப்போவாள். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். டிஎன்ஏ எடுக்கும்போது சேற்றைக் கழுவுவதில்லை, அதனால் அங்கே சிக்கினாள். போட்டோவுக்கு மட்டும் குளிப்பாட்டிக் கொன்றிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும். ஆசையாய்த் தேடிய கையே அவளைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறது.

சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். "ஏய், அது லேபோடது!" என்றார் குட்டிச்சார். "ஆத்துலயே போய் ஒட்டுங்க" என்றேன்.

மிச்சச் சேற்றைக் கழுவவே இல்லை. அவளுடைய உப்புத் தண்ணீரிலேயே ஃபார்மலினைக் கலந்து விட்டேன். விறைத்த பிறகுதான் சாயம்.

மறுநாள் மதியம், இருட்டறையில் லென்ஸைத் திருகினேன். நீலம். இன்னும் நீலம். ஓர் ஓரத்தில் பச்சை. உருண்டை இல்லை, நீளமும் இல்லை. மூலை மழுங்கிய சின்னச் சதுரம். பக்கத்தில் இன்னொன்று.

குட்டிச்சார் குனிந்து பார்த்தார். "அவ இருக்காம்மா" என்றார், ரகசியம் போல.

இருந்தாள். ஃபார்மலினில் விறைத்துப்போய். உயிரோடு அவள் எப்படி அசைவாள் என்று பார்க்க இனி அந்த உப்பளம் இல்லை. பார்த்தால் ஏக்கம் தீரும் என்று யார் சொன்னது?

படத்தை முதலில் அம்மாவுக்குத்தான் அனுப்பினேன். அவள் வேலை பார்க்கும் பிஸ்கட் ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரம். உடனே கூப்பிட்டாள்.

"போட்டோ அனுப்புடின்னா என்னடி இது, பச்சைப் புள்ளி?"

"நான் தேடுனதும்மா. கெடச்சிருச்சு."

"சந்தோஷம்டி. நீ எங்க இதுல?"

"நான் இல்லம்மா."

"நீ தின்னது, தூங்குனது, காய்ச்சல் வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். மூஞ்சி எப்படி இருக்குன்னுதான் தெரியல. இளைச்சிட்டியாடி?"

அம்மாவிடம் பேசும்போது போன் கேமராவைப் போட்டால் அழுதுவிடுவேன் என்று போடாமலே இருந்தவள் நான். இருட்டறையின் விளக்கைப் போட்டேன். பிறகு கேமராவை.