ஸ்டாண்டு போட்ட சைக்கிள்கள்

வேலுத்தாய்க்குப் பெண்பிள்ளை பிறந்த மறுநாள் காலை, இடைசெவலில் ஸ்டாண்டு போட்டு நின்ற அறுபத்திரண்டு சைக்கிள்களின் பெடல்களும் தாமாகச் சுற்றின. இரண்டாயிரத்து ஆறு, ஐப்பசி மாதம். உளுந்து விதைக்கிற நேரம் என்பதால் யாரும் நின்று பார்க்கவில்லை. டயரில் ஒட்டியிருந்த ஈரக் கரிசல் சுவரெல்லாம் தெறித்ததற்கு மட்டும் பெண்கள் ஏசினார்கள். பிள்ளை, வண்டி பிடிப்பதற்குள் வீட்டிலேயே பிறந்தது. சீனித்தண்ணியின் முதல் சொட்டைத் தாய்மாமன்தான் பிள்ளை நாக்கில் வைக்க வேண்டும், வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது அந்த வீட்டு வழக்கம். சேனை என்பார்கள். மாமன் முத்துசெல்வம் சூரத்தில் மில் வேலையில் இருந்தான். ரயில் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. அதுவரை தாயின் சீம்பாலைப் பீய்ச்சிச் சாம்பலில் ஊற்றச் சொன்னாள் நாத்தனார் இசக்கிச்செல்வி. பிள்ளை வெறும் வாயைச் சப்புக்கொட்டியது. கண் ஒரு மூலையில் குத்தி நின்றது. கால் இரண்டும் மிதித்தன.

“மாமனைக் கூட்டியாரச் சைக்கிள் மிதிக்கா பாரு, கள்ளி!” என்று இசக்கிச்செல்வி சிரித்தாள்.

பிறப்பு எழுத வந்த நர்ஸ் சுதாராணி சிரிக்கவில்லை. பிள்ளையின் காலை மடக்கிப் பிடித்தாள். பிடிக்குள்ளும் கால் வெட்டியது. வாசலில் வேலுத்தாயின் புருசன் ஒரு பெடலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான், அதுவும் நிற்கவில்லை.

“வெறும் நடுக்கம்னா பிடிச்சா நின்னுரும். இது வலிப்பு. என்ன குடுத்தீய பிள்ளைக்கு?” என்றாள் சுதாராணி.

“மாமன் வந்து சேனை வைக்கட்டும்னு...” என்று இழுத்தாள் இசக்கிச்செல்வி.

“அவிய வாரதுக்குள்ள பிள்ளை போயிரும். எந்திரி வேலு!”

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: மூச்சுத் திணறிப் பிறந்தாலும் இது வரும், கிருமியாலும் வரும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் வரும், இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்காததால் ரத்தத்தில் சர்க்கரை இல்லை. குளுக்கோஸ் ஏறியது. பதினொன்று இருபதுக்குக் கால்கள் நின்றன. அதே பதினொன்று இருபதுக்கு ஊரில் அறுபத்திரண்டு பெடல்களும் நின்றன. சூரத்து மாமன் வந்து சேனைக் கிண்ணத்தோடு சும்மா நின்றான். சேனை வைத்தது சுதாராணிதான் என்று ஊர் முடிவு செய்தது. காவியா என்று பெயரிட்ட அந்தப் பிள்ளை இன்றும் யாரையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதற்கு வேறு காரணம் யாரும் தேடவில்லை. அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கவும் தேவைப்படவில்லை.

அதன்பின் சீம்பால் சாம்பலுக்குப் போகவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு சைக்கிளை நிறுத்துவது வழக்கமாயிற்று. அப்போது கேட்ட வீட்டில் கிடைக்கும். பருத்தி மூட்டை ஏற்றிய கேரியர், இருட்டில் முனகிய டைனமோ, தீப்பெட்டி ஆபீசுக்கு டபுள்ஸ் போன பெண்களின் சிரிப்பு எல்லாம் தெருவில் இருந்த காலம். பிறகு பைக்குகள் வந்தன. இப்போது மிச்சம் வேலுத்தாய் வீட்டுச் சைக்கிள் ஒன்றுதான். டயரில் காற்று கிடையாது. செயினுக்கு எண்ணெய் மட்டும் தவறாமல் விடுகிறார்கள்.

நேற்று மேலத்தெருவில் பிறந்த பிள்ளை பால் குடித்து முடித்ததும் அந்தச் சைக்கிளைத் தூக்கிவந்து வைத்தார்கள். பெடல் அசையவில்லை. அது அசையாமல் நிற்பதைப் பார்த்தபடி வேலுத்தாயும் இசக்கிச்செல்வியும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள்.